ஈசான்யம் பார்த்துச் சாய்ந்த வீடு

ரங்கூன் போய் வந்தவர்கள் எல்லோரும் அங்கேயுள்ள பெரிய தங்கப் பகோடாவைப் பற்றி எழுதுகிறார்கள். நான் பதினெட்டு நாள் இருந்தும் அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதுவும் ஓடுகிற டிராமில், ஒரு தடித்த மனிதரின் தோளுக்கும் அவர் குடைக்கும் நடுவே கிடைத்த சந்து வழியாக. ஆகவே பகோடாவைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் வேறு யாரையாவது படித்துக்கொள்ளட்டும். மரத்தை எப்படித் தப்பாக அடுக்குவது என்று தெரிய வேண்டுமானால் என்னைவிட்டால் ஆள் கிடையாது.

நான் போனது என் அக்காவை அழைத்துவர. எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரர் ரங்கூன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து இறந்துபோனார். இரண்டு வருஷம் ஆயிற்று. அக்கா அங்கேயே நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். பாளையங்கோட்டையிலிருந்து அப்பா கடிதம் மேல் கடிதம் போட்டார். முதலில் "யோசிக்கிறேன்" என்று பதில் வந்தது. பிறகு அதுவும் நின்றது. கடைசியில் அச்சுக்கூடத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த என்னைப் பிடித்து, "அவள் இல்லாமல் வீட்டு வாசல் மிதிக்காதே" என்று கப்பலேற்றிவிட்டார்கள்.

கப்பலில் நான் பட்ட பாட்டைச் சொல்லி யாருடைய சாப்பாட்டையும் கெடுக்க மாட்டேன். ரங்கூனில் இறங்கியதும் அக்கா குடியிருந்த பசுந்தாங் போகிற டிராமில் ஏறுவதாக நினைத்து வேறொன்றில் ஏறினேன். அது என்னைக் கியாக்டடாவுக்குக் கொண்டுபோய், நடுச்சாலையில் உட்கார்ந்திருக்கும் சூலே பகோடாவுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது. பக்கத்தில் நின்ற தமிழ் ஆள் ஒருவரிடம் வழி கேட்டேன். "இப்ப வந்த வண்டியிலயே திரும்ப ஏறுங்க" என்றார். ஏறினேன். அது இன்னும் தூரமாகப் போயிற்று. கடைசியில் ரிக்‌ஷாவில்தான் போய்ச் சேர்ந்தேன். இழுத்தவன் தெலுங்கன். வழியெல்லாம் என்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான். எனக்குத் தெலுங்கு தெரியாதது என் அதிர்ஷ்டம்.

அக்கா வீட்டில் இல்லை. பசுந்தாங் ஓடைக்கரையில் இருக்கிற ஒரு மரக்கிடங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து, இரும்பில் செய்த ஒரு விநோதமான சாமானை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கூர் மூக்கு, ஒரு கைப்பிடி. கோழியின் கால் மாதிரி இருந்தது.

"வந்துட்டியா சகாயம்? அப்பா அனுப்பினாவளா?" என்றாள்.

"ஆமாக்கா. புறப்படு."

"உக்காருல. மொதல்ல இது என்னன்னு கேளு."

கேட்டேன். அந்தச் சாமானும், மரம் செதுக்குகிற வளைந்த வாயுள்ள ஒரு வாய்ச்சியும், வடக்கே எங்கோ பனி பெய்கிற தேசத்துக் கப்பல் தச்சன் ஒருவன் கொடுத்தவை. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவனை அக்கா பார்த்துக்கொண்டாளாம். அவன் ஊரில் பலகையே இல்லாமல், முழு மரங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மூலையில் கவைபோல் பள்ளம் வெட்டிக் கோத்து வீடு கட்டுவார்களாம். ஆணி கிடையாது. நன்றிக்காக ஒரு படமும் போட்டுக் கொடுத்து, கருவியையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

"அதுக்கு நமக்கு என்னக்கா?"

"நமக்கு ஒரு வீடு வேணும். பிள்ள பெறுததுக்கு."

என் முகம் போன போக்கைப் பார்த்து, "எனக்கில்லல, மடையா" என்றாள்.

பிறகு விஷயத்தைச் சொன்னாள். அந்தக் கரையில் நம்மாட்கள் தங்கியிருக்கும் கட்டிடங்களில் ஒரு அறைக்குப் பதினைந்து பதினாறு பேர். எல்லோரும் ஆண்கள். அதிலே ஒருத்தன் பெண்டாட்டியை அழைத்து வந்திருந்தால் அவளுக்கு ஒரு மூலை. குறுக்கே ஒரு பழைய சேலை. பிரசவமும் அந்தச் சேலைக்கு இந்தப் பக்கம்தான். ஆஸ்பத்திரி என்றால் பயந்து வரமாட்டார்கள். போன வருஷம் அக்கா பார்த்த ஒரு பிரசவத்தில், திரைக்கு அப்பால் ஆட்கள் வெட்கப்பட்டு வெளியே போய் நிற்க, வலி தாங்காத அந்தப் பெண் சத்தம் போடக் கூச்சப்பட்டு வாயில் துணியைத் திணித்துக்கொண்டாளாம். இப்போது அங்கம்மா என்று ஒருத்திக்கு மாதம் நெருங்குகிறது.

கிடங்கு ஊ போ லா என்கிற பர்மியருடையது. வடக்கேயிருந்து ஆற்றில் மிதந்து வரும் தேக்குத் தெப்பங்களைக் குறுக்கே சேர்த்துக் கட்டியிருந்த சின்ன மரங்கள், தெப்பத்தைப் பிரித்த பிறகு யாருக்கும் உதவாமல் கிடந்தன. ஒன்றரைச் சாண் கனம், இரண்டு ஆள் நீளம். அதையும் கிடங்கில் ஒரு மூலையையும் அக்காவுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஒரே நிபந்தனை. அன்று சாயங்காலம் அவரே வந்து எனக்கும் சொன்னார். அக்கா அவருக்கு 'மா எஸ்தர்'. கூலிகளோடு பேசிப் பேசிக் கற்ற தமிழ். அதனால் அவர் எதைச் சொன்னாலும் உத்தரவு மாதிரி இருக்கும்.

"மழ வந்தா தெப்பம் வரும். தெப்பம் வந்தா எடம் வேணும். மழைக்கு முன்னாடி கூரை ஏத்து, மா எஸ்தர் எடம். ஏத்தலே, என் மரம் இங்கே படுக்கும். போ, வேல பாரு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கும் அதே பேச்சுதான். மழைக்கு முந்திக் கூரை ஏறலன்னா ஒங்கூட ஊருக்கு வாரேன். அப்பா சொல்லுத இடத்துல உக்காந்து காலத்த ஓட்டுதேன். ஏறிட்டா நீ ஒத்தயில போவணும். சம்மதமா?"

மழைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. வேலை செய்ய இருந்தது ஒரே ஒரு தச்சர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் காளியப்ப ஆசாரி. வெள்ளைக்காரன் போட்ட படத்தைப் பார்த்து இவர்கள் வீடு கட்டுவதாவது. நான் தாராளமாகச் சம்மதித்தேன். அந்த நிமிஷம் முதல் நான் மழையின் கட்சி.

மறுநாள் வேலை தொடங்கியது. ஆசாரி படத்தை ஒரு தடவை பார்த்தார். மூலையில் தெரிகிற மரமுனைகளை அந்தத் தச்சன் ஒன்று பெரிய வட்டமாகவும் ஒன்று சின்ன வட்டமாகவும் மாறிமாறிப் போட்டிருந்தான்.

"கால் முறிஞ்ச ஆளுன்னீங்களே, கை நடுங்கியிருக்கு" என்று ஆசாரி படத்தை மடித்து அக்காவிடம் கொடுத்தார். பிறகு தம்முடைய சட்டத்தைச் சொன்னார். படுக்கவைக்கிற மரம் எதுவானாலும் அடிப்பக்கம் தெற்கேயோ மேற்கேயோ இருக்க வேண்டும். நுனி வடக்கேயோ கிழக்கேயோ பார்க்க வேண்டும். மாற்றி வைக்கிற வேலையை அவர் செய்ததில்லை, செய்யவும் மாட்டார்.

"கிறிஸ்தவ வேதக்காரி கட்டுத வீட்டுக்கு வாஸ்து எதுக்கு, ஆசாரி?" என்றாள் அக்கா.

"வாஸ்து உங்களுக்கு இல்லைங்க நர்ஸம்மா, மரத்துக்கு. மரம் எந்த மதம்னு எனக்குத் தெரியாது."

வாசலில் தாழ்வாரத்துக்கு நிறுத்த இரண்டு தூண் எடுத்து வைத்திருந்தோம். ஊ போ லா அவற்றைத் தட்டிப் பார்த்து, பர்மிய மொழியில் ஏதோ சொல்லி, ஒன்றைக் காலால் உருட்டித் தள்ளினார். மேல்பக்கம் பருத்த தூண் ராட்சசத் தூணாம். அதை நிறுத்திய வீட்டில் சாவு விழுமாம். அக்கா அதைத் தமிழில் சொன்னதும் ஆசாரிக்கு ஊ போ லா சொந்தக்காரராகிவிட்டார். "பாத்தீங்களா, இந்த ஊர்லயும் மரத்துக்கு மரியாதை தெரிஞ்ச ஆளு இருக்காரு."

எனக்குக் கொடுத்த வேலை, ஒவ்வொரு மரத்திலும் அடி எது, நுனி எது என்று பார்த்து, அடிப்பக்கத்தில் செங்காவி தடவுவது. பிழை திருத்துகிறவனுக்குச் சிவப்பு மையைக் கொடுத்தால் கேட்க வேண்டுமா? நாற்பத்தெட்டு மரத்துக்கும் தடவினேன். சந்தேகம் வந்த மரத்தை நூல் பிடித்துச் சுற்றளவு பார்த்தேன். கோத்து வைக்கும்போது எந்த மரமாவது மாறிப் படுத்தால் ஓடிப்போய்த் தடுத்தேன். ஆயுசில் ஒரு தப்பும் இல்லாமல் நான் செய்த வேலை இதுதான். அது என்ன வினை செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலை இப்படி நடக்கும். கீழே ஒரு மரம். அதன்மேல் இன்னொன்றை ஏற்றி வைப்பார்கள். கிடங்கின் சுமையாட்கள் மத்தியான ஓய்வில் வந்து தூக்கிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அங்கம்மாவின் புருஷனும் அவர்களில் ஒருவன். பிறகு ஆசாரி அந்தக் கோழிக்காலை எடுத்து, ஒரு மூக்கு கீழ்மரத்தின் முதுகிலும் ஒரு மூக்கு மேல்மரத்தின் வயிற்றிலும் படும்படி பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துக்கொண்டு போவார். கீழே இருக்கிற மேடு பள்ளமெல்லாம் மேல்மரத்தில் கோடாக விழும். மரத்தைப் புரட்டிப் போட்டு, கோட்டுக்குள்ளே வளைவாய் வாய்ச்சியால் குடைந்து எடுத்துத் திருப்பி வைத்தால், பசு முதுகில் கன்று தலையை வைத்த மாதிரி பொருந்தி உட்காரும். இந்த மேல்மரம் இந்தக் கீழ்மரத்துக்குத்தான். வேறு எதற்கும் பொருந்தாது.

முதல் மரம் பொருந்தியபோது ஆசாரி அந்தக் கருவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இதைச் செஞ்சவன் நல்ல தகப்பனுக்குப் பொறந்தவன்" என்றார். அதற்கு மேல் அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்கவில்லை. வளைவாய் வாய்ச்சியை நானும் ஒரு நாள் வாங்கி வீசினேன். அது மரத்தை விட்டுவிட்டு என் செருப்பின் முனையை எடுத்துக்கொண்டது. உள்ளே விரல் இல்லாமல் போனது தற்செயல். அதன் பிறகு காவி டப்பாவைத் தவிர வேறொன்றும் என் கையில் கொடுக்கவில்லை.

காலையில் எங்களுக்கு மொஹிங்கா. ஓடைக்கரையில் ஒரு பர்மியப் பெண் பானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நம் ஊரில் இடியாப்பத்துக்கு மீன்குழம்பை ஊற்றிக்கொள்கிறோம். இவர்கள் மீன்குழம்புக்குள் இடியாப்பத்தை முக்கி, வாழைத்தண்டையும் போட்டு விடுகிறார்கள். முதல் நாள் முகத்தைச் சுளித்தேன். மூன்றாம் நாள் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அந்தப் பெண் அக்காவிடம் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டேன். "'உங்கள் தம்பி சாப்பிடும் வேகத்தில் வேலை செய்தால் வீடு நேற்றே முடிந்திருக்கும்' என்கிறாள்" என்றாள் அக்கா. ஙாப்பி என்கிற மீன் விழுதை மட்டும் கடைசி வரை என்னால் நெருங்க முடியவில்லை. கருவாட்டுச் சந்தையில் பிறந்து வளர்ந்தவன்கூட அதன் முன்னால் ஒரு அடி பின்வாங்குவான்.

ஒன்பது வரிசை மரம் ஏறிவிட்டது. எனக்குக் கவலை பிடித்தது. மழையின் கட்சிக்காரனாயிற்றே. வானத்தைப் பார்த்தேன், ஒரு துண்டு மேகம் கிடையாது. அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "அநேகமாக" என்ற சொல்லுக்கு மேல் எழுத்து ஓடவில்லை.

பத்தாம் நாள் காலை. ஆசாரி பிளந்த மூங்கிலில் தண்ணீர் ஊற்றிச் சுவர்மேல் வைத்து மட்டம் பார்த்தார். தண்ணீர் ஒரே பக்கமாக ஓடிக் கீழே கொட்டியது. மறுபடி ஊற்றினார். மறுபடி கொட்டியது. நாங்கள் தள்ளிப்போய் நின்று பார்த்தோம். பத்து நாளாகப் பக்கத்தில் நின்று பார்த்ததில் தெரியாதது அப்போது தெரிந்தது. தென்மேற்கு மூலை நிமிர்ந்து நிற்க, வடகிழக்கு மூலை ஒன்றரை அடி தாழ்ந்து, வீடு முழுவதும் ஈசான்யத்தைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது.

மரம் என்றால் அடி பருத்திருக்கும், நுனி சிறுத்திருக்கும். ஒன்பது அடியையும் ஒரே பக்கம் அடுக்கினால் வேறென்ன ஆகும்? அந்தத் தச்சன் படத்தில் பெரிய வட்டமும் சின்ன வட்டமும் மாறிமாறி வந்தது கை நடுக்கத்தால் அல்ல. ஒரு மரம் இப்படி, அடுத்தது அப்படி என்று மாற்றி வைத்து மட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறான். என் சிவப்புக் குறி ஒவ்வொன்றும் தப்பாமல் ஒரே பக்கத்தில் வரிசையாக நின்று பல்லைக் காட்டியது.

ஆசாரி மூங்கிலைக் கவிழ்த்து வைத்தார். பிறகு தொண்டையைக் கனைத்து, "கன்னிமூலை ஒசந்து ஈசான்யம் தாழ்ந்திருக்கணும்னுதான் சாஸ்திரம். அந்த வகையில குத்தம் இல்லை" என்றார்.

"கட்டில் போட்டா அங்கம்மா ஈசான்யத்துல போய் விழுவாளே, ஆசாரி" என்றாள் அக்கா.

"தரை மட்டம்தாங்க. சொவருதான் சாஞ்சிருக்கு."

"அதுக்கு மேல கூரை எப்பிடி நிக்கும்?"

ஆசாரி மேல்மரத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். பிரித்து மறுபடி அடுக்கவும் வழியில்லை; ஒவ்வொரு மரமும் தனக்குக் கீழே இருப்பதற்காகவே குடைந்தது. மேலே வரும் வரிசைகளில் அடியை வடகிழக்காகத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்று அக்கா சொன்னாள். ஆசாரி கருவிகளைப் பையில் போட்டுக் கட்டினார். கோபமாக அல்ல, சாவு வீட்டில் பாத்திரம் ஒதுக்குகிற மாதிரி. "அதை மட்டும் கேக்காதீங்க. நாளைக்கு அந்தப் பொண்ணுக்கோ புள்ளைக்கோ ஒண்ணுன்னா, திருப்பி வச்சது என் கை."

நான் ஜெயித்துவிட்டேன். செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். இருந்தேன் ஐயா, அரை நாள்.

மத்தியானம் அங்கம்மா வந்தாள். வயிறு பெருத்து, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூரையில்லாத அந்த வீட்டுக்குள் மெதுவாக நுழைந்தாள். நாலு சுவரையும் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, இதுக்குள்ள கத்துனா வெளிய கேக்குமா?" என்று கேட்டாள்.

"கேக்காதும்மா. கட்டியான மரம்" என்றேன்.

"அப்ப நல்லாக் கத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வருஷக்கணக்காகப் பிழை பார்த்திருக்கிறேன். என் கைப்பட்ட தாளில் ஒரு புள்ளி தப்பினால் இராத் தூக்கம் போகும். இங்கே ஒன்றரை அடிப் பிழை, அதுவும் என் சிவப்பு மையோடு. மழையின் கட்சியிலிருந்து அப்போதே ராஜினாமா செய்தேன். ஆசாரியின் வீட்டுக்குப் போய் அவரை மறுநாள் சாப்பிட மட்டுமாவது வரச் சொல்லி இழுத்தேன். சாப்பாட்டுக்கு அவர் சாஸ்திரம் தடை சொல்லவில்லை.

மறுநாள் அக்கா பர்மியப் பழக்கப்படி எதையெதையோ நறுக்கிப் பிசைந்து ஒரு கலவை செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நல்ல நீள முள்ளங்கி. அடி பருத்து நுனி கூம்பி, எங்கள் மரங்களை அப்படியே குறுக்கின மாதிரி இருந்தது. நான் நாலைந்தை எடுத்து ஒரே பக்கமாக அடுக்கி, "இதுதான் ஆசாரி நாம கட்டின வீடு" என்று காட்டினேன். அது சரிந்து விழுந்தது.

"சாப்பாட்டுச் சாமான வச்சு விளையாடாத" என்று அக்கா ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி, நீளவாக்கில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரே வெட்டு வெட்டினாள். இரண்டு ஆப்பு விழுந்தது. ஒன்றில் அடிப்பக்கம் பருத்து நுனி ஒன்றுமில்லாமல் போயிருந்தது. இன்னொன்றில் நுனிப்பக்கம் கனமாகவும் அடிப்பக்கம் தகடாகவும் இருந்தது.

ஆசாரி சாப்பாட்டை விட்டுக் கையை நீட்டி அந்த இரண்டாவது துண்டை எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தப் பக்கம்?"

"நுனி" என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"வால் இருக்கே ஆசாரி. நுனிதான்."

அவர் சரிந்த முள்ளங்கிகளைப் பழையபடி ஒரே பக்கமாக அடுக்கி, அதன் மேல், தாழ்ந்த பக்கத்தில், நுனி கிழக்கே பார்க்க அந்த ஆப்பை வைத்தார். மட்டமாயிற்று. இன்னொரு தடவை எடுத்து இன்னொரு தடவை வைத்தார்.

"நுனி நுனியாத்தான் இருக்கு" என்றார். "கிழக்கேதான் பாக்குது. எவன் என்ன சொல்லுவான்?"

"நான் சாப்பிடலாமா அத?" என்றாள் அக்கா.

"இருங்கம்மா. இது மாதிரி."

சுவருக்கு மூன்று ஆப்பு. நாலு சுவருக்குப் பன்னிரண்டு மரத்தை மூலைக்கு மூலை சாய்வாக அறுக்க வேண்டும். தம்முடைய மர ஆலையில் அறுத்துத் தர ஊ போ லாவுக்கு நேரமில்லை. ஆனால் கிடங்கின் பழைய அறுவைக் குழியையும் ஆள் நீளமுள்ள ஒரு ரம்ப வாளையும் கொடுத்தார். அறுவைக் குழி என்றால், மரத்தைக் குழியின் மேல் குறுக்கே போட்டு, ஒருத்தன் மேலே நின்றும் ஒருத்தன் கீழே நின்றும் வாளை இழுப்பது. மேலே நிற்கிறவனுக்குக் கோட்டைப் பார்க்கத் தெரிய வேண்டும். கீழே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கீழே நான்.

மூன்று நாள். வாள் ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு பிடி மரத்தூள் என் தலையில். கண்ணை மூடினால் வாள் கோணும். திறந்தால் தூள் விழும். ஆசாரி மேலேயிருந்து, "தம்பி, நீங்க வாளுல தொங்குறீங்க, இழுக்கல" என்பார். "தொங்கினாலும் அறுபடுதே" என்பேன் நான். கிடங்குக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒரு தடவை குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பர்மியக் கிழவர் நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். 'இந்த மனிதர் என்ன குற்றம் செய்தார்?' என்று கேட்டாராம். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, அதற்கு அக்கா துணி சுற்றி, அதுவும் கிழிந்து, மூன்றாம் நாள் மாலை பன்னிரண்டாவது மரம் இரண்டாக விழுந்தபோது, குழியிலிருந்து நானாக ஏற முடியவில்லை. தூக்கினார்கள்.

ஆப்புகள் ஏறின. ஆசாரி மூங்கிலில் தண்ணீர் ஊற்றினார். அது நடுவிலே நின்று யோசித்தது. எந்தப் பக்கமும் போகவில்லை. மிச்சமாய் விழுந்த பன்னிரண்டு துண்டையும் கதவுக்கும் தரைக்கும் இழைத்துக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் தென்மேற்கே மேகம் கருத்தது. கூரைக்கு ஓலை வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் நல்ல ஓலை கிடைக்கும் என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். லாஞ்சியில் போனேன். திரும்பும்போது ஒரு பெரிய சாம்பான் படகில் ஓலைக் கட்டுகளை மலையாக ஏற்றி, அதன் உச்சியில் நான் உட்கார்ந்து ராஜா மாதிரி வந்தேன். பாதி வழியில் கடல் உள்வாங்கி, நதியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. ஓடை வாயில் சேற்றுத் திட்டில் சாம்பான் உட்கார்ந்துவிட்டது. ஓட்டி வந்த சிட்டகாங்குக்காரன் பீடி பற்ற வைத்தான். 'தண்ணீர் சாயங்காலம் வரும். மழை அதற்கு முன்னால் வரும். உம்முடைய ஓலைதான், நீர் இறங்கித் தள்ளுவதானால் தள்ளும்' என்று இந்துஸ்தானியிலும் சைகையிலுமாகச் சொன்னான். இறங்கினேன். இடுப்பு வரை இறங்கினேன். தள்ளினேன், திட்டினேன், வேதாகமத்தில் எனக்கு நினைவிருந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் அவனுக்கே இரக்கம் வந்து கோலை ஊன்றினான். சாம்பான் நகர்ந்தது. என்னுடைய மிச்சச் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பதினாறாம் நாளும் பதினேழாம் நாளும் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. ஆசாரி கூரைமேல், நான் கீழேயிருந்து ஓலை நீட்டினேன், அக்கா கட்டுக் கயிறு முறுக்கினாள். ஊ போ லா அரை மணிக்கொரு தரம் வந்து வானத்தையும் எங்களையும் பார்த்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்றுவிட்டுப் போனார். பதினெட்டாம் நாள் மத்தியானம் முகட்டு ஓலையைக் கட்டியாயிற்று. அவர் வீட்டைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். "சரி. மா எஸ்தர் எடம்" என்றார். அடுத்த மூச்சில் ஆசாரியைப் பார்த்து, "சொவருல ஓட்டை. அடைக்கலே?" என்றார்.

மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே, கோழிக்காலுக்குத் தப்பிய இடங்களில் வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பனி தேசத்தில் பாசியைத் திணிப்பார்களாம். நாங்கள் ஓடையில் படகு அடைக்கிறவர்களிடம் தேங்காய் நாரும் குங்கிலியப் பிசினும் வாங்கி வைத்திருந்தோம். திணிக்க இன்னும் நாள் இருக்கிறது என்ற நினைப்பு. அப்போது அங்கம்மாவின் புருஷன் அவளைக் கைத்தாங்கலாக நடத்திக் கொண்டுவந்தான். பின்னாலேயே மழையும் வந்தது.

அக்கா அவளை உள்ளே வாங்கிக்கொண்டு கதவை அடைத்தாள். "ஆம்பளைக ஒருத்தரும் உள்ள வரக் கூடாது" என்றது குரல். கட்டினவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ரங்கூன் மழை நம் ஊர் மழை போலத் துளி துளியாக விழுகிற ஜாதி அல்ல. தென்மேற்கேயிருந்து கிடையாக வந்து சுவரில் அறைந்தது. கூரை தாங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சுவரில் மூன்று தட்டு.

"ஏல சகாயம். இந்த இடத்துல ஒழுகுது. கட்டிலுக்கு வருது."

நாரை உருட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன். தட்டுகிற இடத்தில் காதை வைத்து, மர ஆப்பால் நாரைத் திணித்து, கொட்டாப்புளியால் அடித்தேன். ஆசாரி பின்னால் குங்கிலியத்தைப் பூசிக்கொண்டு வந்தார். கொப்புளம் விழுந்த கை மறுபடி பிய்ந்தது. அடுத்த தட்டு மேற்கே. ஓடினேன். அடுத்தது தெற்கே, முழங்கால் உயரத்தில். சேற்றில் மண்டியிட்டு அடித்தேன். உள்ளே அங்கம்மா சொன்னபடியே கத்திக்கொண்டிருந்தாள். யார் யாரை என்னென்ன சொன்னாள் என்பதை அவள் புருஷன் கேட்காமலிருக்க ஊ போ லா அவனைக் கிடங்குப் பக்கம் அழைத்துப் போனார். மரம் கட்டியானதுதான், நான் காதை வைத்திருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

தட்டு. அடி. தட்டு. அடி. சுவரைச் சுற்றி எத்தனை தடவை ஓடினேனோ தெரியாது. ஒரு சமயம் சின்ன இடுக்கு வழியாக அக்காவின் விரல் தெரிந்தது. "இங்க" என்றது. நான் நாரை வைத்தேன், விரல் விலகியது, அடித்தேன்.

அதற்குப் பிறகு தட்டவில்லை. நனைந்த நாரைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த தட்டு எங்கே வரும் என்று சுவரோடு சுவராக நின்றேன். ஆசாரி குங்கிலியச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவ்வளவுதான் தம்பி, ஓட்டை இல்லை" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவைக் கையோடு கூட்டிவரப் போனவன், அவளை உள்ளே வைத்து, ஒரு விரல் வெளியே வர இடமில்லாமல், என் கையாலேயே அடைத்து முடித்திருந்தேன்.